நமக்குப் போட்டி யாரென்று தேடியபோது

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யாராவது மகனுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை. "ம், சொல்லும்மா, அப்புறம்மா" என்று நீ கேட்கும்போதே அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் உன் விரல்கள் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடுகிறது. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மகனிடம் சொல்லவேண்டியது என்று எல்லாத் தாய்மாருக்கும் ஏதோ இருக்கும். பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, மாமனார் வீட்டில் குறை சொல்லாதே என்று எனக்கும் ஒரு மூட்டை இருக்கிறது, நடுநடுவே அவிழ்க்கிறேன். ஆனால் இப்போது என் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பது வேறு. நம் மெஸ்ஸுக்குப் போட்டி யார் என்று பார்க்கச் சொல்லி, நீதான் எனக்குத் தேடக் கற்றுக்கொடுத்தாய். நானும் தேடினேன். தேடிப் போனால் அங்கே நீ நிற்கிறாய்.

இதை உன்னைத் தவிர நாலு பேர் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் வயதில் எத்தனையோ பிள்ளைகள் இதே வேலைக்குப் போயிருக்கிறார்கள், எத்தனையோ அம்மாக்கள் இதே போனை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்த கதை என்று தாண்டிப் போகாதே. திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நம் வீடு. முன்பக்கம் மெஸ், பின்பக்கம் நாம். இந்த ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்ச் சமணர்கள் நாம்; ஊரார் நயினார் வீடு என்பார்கள். வெங்காயம் பூண்டு கிடையாது. மண்ணுக்கு அடியில் விளைகிற கிழங்கு கிடையாது. பொழுது சாய்ந்தபிறகு இலையும் கிடையாது. இரவுண்ணாமை என்று நம் பெரியவர்கள் கடைப்பிடித்தது. மத்தியானம் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். சாயங்காலம் வடக்கேயிருந்து வருகிற ஜைன யாத்திரைக்காரர்களும் விரதக்காரர்களும் வருவார்கள். வெயில் மஞ்சளாக மாறியதும் உங்கப்பா கல்லாவிலிருந்தபடியே சமையல்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்: "விளக்கு வெக்கறதுக்குள்ள இலை எடுத்துடணும்!" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேட்கிற குரல். பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் கிளம்பி, தெருவெல்லாம் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் நாம் கதவைச் சாத்துவோம். "இன்னா நயினாரே, கூட்டம் வர்ற நேரத்துல கடையைச் சாத்தறியே, உனக்கு மூளை கீளை இருக்குதா?" என்று எதிர் டீக்கடைக்காரர் கேட்டால் உங்கப்பா சிரித்துக்கொண்டே தாழ்ப்பாள் போடுவார்.

கடைகளின் பெயரைப் போன் தேடலில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற கம்பெனியில் வேலை கிடைத்து நீ பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நம் மெஸ்ஸுக்கு ஒரு வெப்சைட் பக்கம் போட்டுக்கொடுத்தாய். மேப்பில் பெயர் ஏற்றினாய். பூசணிக்காய் சாம்பாரையும் வாழைக்காய் பொரியலையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நாற்காலி மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தாய். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காசு கேட்காத டூல்கள் சிலதைப் போனில் காட்டினாய். ஒரு வார்த்தையைப் போட்டால் அதை ஒட்டி ஜனங்கள் என்னென்ன தேடுகிறார்கள் என்று வரிசையாக வருகிறது. பக்கத்திலேயே, தேடுகிறவர்கள் ஜாஸ்தியா கம்மியா, அதற்குப் போட்டி ஜாஸ்தியா கம்மியா என்றும் காட்டுகிறது. இன்னொன்றில் நம் பக்கத்தையும் அடுத்தவன் பக்கத்தையும் போட்டால், அவன் எந்தெந்த வார்த்தையால் முன்னால் நிற்கிறான் என்று சொல்கிறது. "இதாம்மா போட்டி ஆராய்ச்சி. பெரிய பெரிய கம்பெனிங்க காசு கட்டிப் பாக்கறதை நீ ஓசியில பாக்கற" என்றாய். ஓசி என்பதால் கொஞ்ச நேரம் தேடினதும் இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வா என்று கதவைச் சாத்திவிடும். நம் மெஸ் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஆரம்பத்தில் நான் அடித்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் காலையில் குளித்து, கும்பிட்டு முடித்ததும் போனை எடுத்து நம் மெஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுவேன். எப்போது பார்த்தாலும் முதல் இடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கெட்டில், ஜினாலயத்தில், காய்க்காரம்மாவிடம்கூட "திருவண்ணாமலையிலேயே நாங்கதான் ஃபர்ஸ்ட்டு, எங்க பையன் வேலை" என்று பீற்றிக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் சாப்பிட வந்த ஆபீஸ் பெண் ஒருத்தி அவள் போனில் தேடிக் காட்டினாள். நாம் எங்கேயும் இல்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தோம், இல்லவே இல்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. உனக்குப் போன் போட்டு அழாத குறையாகக் கேட்டேன். "ஐயோ அம்மா! நீ டெய்லி அதையே தேடி அதையே தொட்டினு இருந்தா, இந்தம்மாவுக்கு இதான் பிடிக்கும்னு உன் போன் அதையே முதல்ல காட்டுது. ஊருக்கு அப்படிக் காட்டாது" என்றாய். நம்மை யாரென்றே தெரியாதவன் தேடினால் எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்கு, இன்காக்னிட்டோ என்று போனில் வருகிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தாய். அன்றிலிருந்து நான் கறுப்பு ஜன்னலில்தான் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையையும் அப்படி ஒருமுறை பார்க்கவேண்டி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். மத்தியானக் கூட்டம் போனதும் பாத்திரம் ஊறுகிற நேரத்தில் டூலைத் திறந்து உட்காருவேன். திருவண்ணாமலை என்று போட்டு, சாப்பாடு, மெஸ், டிஃபன், வெங்காயம் இல்லாமல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பேன். எதைப் போட்டாலும் போட்டி ஜாஸ்தி, சிவப்பாகக் காட்டும். ஒரு நாள் உங்கப்பா வழக்கம்போல் குரல் கொடுத்தார், அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பொழுது சாய்வதற்கு முன் ஜைன சாப்பாடு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் போட்டேன். பச்சையாகக் காட்டியது கண்ணு! தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதினவர்கள் ஒருத்தரும் இல்லை. உடனே உனக்குப் போன் செய்தேன். "அம்மா, சூப்பர்மா! இந்த கீவேர்டு எங்க டீம்ல யாருக்கும் தோணாது. நீ பேசாம இங்க வேலைக்கு வந்துடு" என்றாய். அன்றைக்கு ராஜ மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. நம் பக்கத்தில் அதை வைத்து எழுதிப் போடச் சொன்னேன். "பண்ணலாம்மா" என்றாய்.

ஒரு மாதம் போல ஆனது. பக்கம் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "நம்ம பக்கத்தை நான் இப்போ தொடக்கூடாதும்மா, கம்பெனி ரூல். வேலை கன்ஃபர்ம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். புது வேலை, எதற்கு வம்பு என்று நானும் விட்டுவிட்டேன். அதே போனில்தான், நம்ம ஊரிலிருந்தே ஒரு க்ளையன்ட் வந்திருக்கிறார்கள், அதை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள், அது நன்றாக வந்தால்தான் கன்ஃபர்மேஷன் என்றும் சொன்னாய். யார் என்று கேட்டேன். "ஏதோ ஒரு கிச்சன்மா" என்றாய். நான் உங்கப்பாவிடம், "நம்ம ஊர்க்காரங்களே நம்ம பையன்கிட்ட வந்திருக்காங்க பாருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லு, இல்லையென்றால் சொல்லாதே. பாதி சொன்னால் மீதியை அவள் தானாகத் தெரிந்துகொள்ளும்போது சொன்ன பாதியும் பொய்யாகிவிடும்.

கார்த்திகை தீபக் கூட்டம் வரப்போகிறதே, போட்டி எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று கறுப்பு ஜன்னலைத் திறந்து என்னுடைய அந்த வார்த்தைகளைப் போட்டேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. ஏதோ ஒரு கிச்சன், கேள்விப்படாத பெயர். தொட்டேன். இங்கிலீஷிலும் இந்தியிலும் தமிழிலும் இருந்தது. தமிழைத் திறந்தேன். பெரிய எழுத்தில் தலைப்பு: "விளக்கு வைப்பதற்குள் இலை எடுக்கும் சமையல்." உங்கப்பா கொடுக்கிற குரல்! கீழே படிக்கப் படிக்க, தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் உலை வைப்போம், கீரையை விளக்கொளியில் ஆயமாட்டோம், பூச்சி தெரியாது என்பதால் என்று, நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் சொன்னதெல்லாம் வரிசையாக நின்றது. இதை இந்த உலகத்தில் ஒருத்தன்தான் எழுதியிருக்க முடியும். நீ நன்றாக எழுதியிருக்கிறாய் கண்ணு, அதைச் சொல்லவேண்டும். படிக்கிறவர்களுக்கு வாசனை வரும். எனக்கே அங்கே போய்ச் சாப்பிடலாமா என்று தோன்றியது.

அந்தக் கிச்சன் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். ஆட்டோ ஓட்டுகிற பாபுவுக்குத் தெரியாத சந்து இந்த ஊரில் இல்லை. ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடமாம். உட்கார்ந்து சாப்பிட முடியாது. போனில் ஆர்டர் வந்தால் டப்பாவில் கட்டி அனுப்புகிறார்கள். எல்லாச் சமையலும் ஒரே அடுப்பில். "ஜைன சாப்பாடு மட்டும் பொழுதோட செய்யறாங்களா பாபு?" என்று கேட்டேன். "அட இன்னாக்கா நீ! அடுப்பு பத்த வெக்கறதே சாயங்காலம்தான். ராத்திரி முழுக்க ஓடினு கெடக்குது" என்றான். அடுத்த தடவை நீ பேசியபோது, தற்செயலாகக் கேட்பதுபோல், அந்த உன் க்ளையன்ட் நிஜமாகவே பொழுதோடு சமைக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாக்கமாட்டோம்மா. கன்டென்ட் எழுதிக் குடுக்கறது மட்டும்தான் எங்க வேலை. சும்மா ஒரு கீவேர்டு அது" என்றாய். நான் கேட்டது எதனால் என்று உனக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குமேல் நீ நிற்கவில்லை, மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

நீ ராத்திரியில் சாப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷமே தெரியும். லீவுக்கு வந்தபோது சாயங்காலம் இலையில் உட்கார்ந்து பாதி கொறித்துவிட்டு எழுந்தாய். பழக்கம் மாறிவிட்டது என்று அப்போதே புரிந்துகொண்டேன். உங்கப்பாவுக்கும் தெரியும். பட்டணத்தில் ஆறு மணிக்குச் சாப்பாடு யார் போடுவார்கள், பிள்ளை பட்டினி கிடக்கவா முடியும் என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்கு உன் பெண்டாட்டியும் நீயும் எப்படி வைத்துக்கொள்கிறீர்களோ அது உங்கள் இஷ்டம். உன் வயிறு, உன் மனசு. ஆனால் நம்பி வருகிறவர்களிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்லலாமாடா? வயதானவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார்கள் கண்ணு.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிரிப்பதா அழுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ எழுதினதைப் படித்துவிட்டு ஜனங்கள் கிளம்பி வருகிறார்கள். அவர்களுக்கு டப்பாச் சாப்பாடு வேண்டாம், நீ சொன்ன அந்த வீட்டில், அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் போனைக் காட்டி, ஜைன் சாப்பாடு, சாயங்காலச் சாப்பாடு என்கிறார்கள். ஆட்டோக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே இடம். "நயினார் மெஸ்ஸா? குந்து சேட்டு" என்று நேராக நம் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். வருகிறவர்களும் வடிகட்டுகிற துணியைப் பார்க்கிறார்கள், இலையைப் பார்க்கிறார்கள், உங்கப்பா கொடுக்கிற குரலைக் கேட்கிறார்கள். எழுதியிருக்கிற மாதிரியே இருக்கிறதே என்று வாயெல்லாம் பல்லாக உட்காருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையைப் போட்டோ எடுத்து, போனில் ஐந்து நட்சத்திரம் போட்டு, நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்கே? திறந்திருக்கிற பக்கத்தில். அந்தக் கிச்சனின் பக்கத்தில்! நான் டூலில் பார்க்கப் பார்க்க அவர்கள் நட்சத்திரம் ஏறுகிறது. என் பீர்க்கங்காய் கூட்டு அங்கே போட்டோவாக நிற்கிறது. நம் எவர்சில்வர் டம்ளரில் வெட்டியிருக்கிற உங்கப்பா பெயரின் முதல் எழுத்துகூடத் தெரிகிறது.

சொல்லவேண்டியதுதானே, இது அந்த இடம் இல்லை என்று? சொன்னேன் கண்ணு. ஒரு தடவை சொன்னேன். குஜராத்திலிருந்து ஒரு குடும்பம், கூட அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருவர், வெள்ளைச் சேலை, நடக்க முடியாமல் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், நீங்கள் தேடி வந்தது வேறே, அது அங்கே இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னேன். அங்கேதான் போனில் ஆர்டர் கொடுத்திருக்கிறோம், தங்கியிருக்கிற லாட்ஜுக்கே வரவழைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் பாபு வந்து சொன்னான்: "அக்கா, அவங்க தங்கியிருந்த லாட்ஜுக்கு டப்பா வர்றதுக்குள்ள லைட்டு போட்டாங்க. கெழவி மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. தண்ணிகூடக் குடிக்கலையாம்." அவர்களை நான் அல்லவா எழுப்பி அனுப்பினேன்? என் வாசலில் வெளிச்சம் இருக்கும்போது வந்தவர்களை, பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினவள் நான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் யார் எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை. பொழுது இறங்குகிற நேரத்தில் நியாயம் பேசிக்கொண்டு நிற்க முடியாது. இலையைப் போட்டுவிடுகிறேன்.

உங்கப்பாவைப் பற்றிச் சொன்னால் உனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சாயங்காலம் இவ்வளவு கூட்டம் அவர் பார்த்ததே இல்லை. "பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணியிருக்கான், அதான் இப்படி வர்றாங்க" என்று எல்லோரிடமும் சொல்கிறார். அதை எப்படி இல்லை என்பேன்? நீ பண்ணினதால்தான் வருகிறார்கள். போன வாரம் பாங்குக்குப் போய்விட்டு வந்தவர் வாசலிலேயே என்னைக் கூப்பிட்டார். மெயின் ரோட்டில் அந்தக் கிச்சன்காரர்கள் பெரிய ஹால் எடுத்து, தையில் திறப்பு விழா என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். ஏசி, சாய்வு நாற்காலி, வண்டி நிறுத்த இடம், எல்லாம் இருக்கிறதாம். எனக்குத் திக்கென்றது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "போர்டுல இன்னா எழுதியிருக்கான் தெரியுமா? 'விளக்கு வைப்பதற்குள் இலை எடுக்கும் சமையல்'னு! நம்ம பேச்சையே போட்டிருக்கான். எப்பவோ நம்ம மெஸ்ல சாப்பிட்டிருக்கணும். நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்" என்றார். "பையன் கல்யாணத்துக்கு அவங்களுக்கும் ஒரு பத்திரிகை வெச்சுட்டு வரேன்" என்று வேறு கிளம்பினார். நீங்கள் அலைய வேண்டாம், கால் வலி என்று தடுத்து உட்காரவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்த ஹால் திறந்துவிட்டால் நம் சாயங்காலம் முடிந்தது. ஆட்டோக்காரர்கள் என்ன செய்வார்கள், போர்டு இருக்கிற இடத்தில்தான் இறக்குவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் டூலை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று நானும் பார்த்துவிட்டேன். வேறு வேறு வார்த்தையாகப் போட்டுப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் அங்கே நீ முன்னாலேயே போய் நிற்கிறாய். நான் நினைக்கிற மாதிரியேதான் நீயும் நினைப்பாய், என் பிள்ளைதானே. உன்னைத் தாண்டி ஒரு வார்த்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, உன்னிடம் சண்டை போடலாம் என்றால், எதைச் சொல்லிப் போடுவது? வேலையை ஒழுங்காகச் செய்யாதே என்றா? படிப்பு முடித்து எத்தனை நாள் வேலையில்லாமல் இந்த மெஸ்ஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாய். யாராவது தெரிந்தவர்கள் சாப்பிட வந்தால் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்வாயே, அதை நான் மறக்கவில்லை. பெண் வீட்டார் வந்தவாசியிலிருந்து பேச வந்தபோது முதலில் கேட்டதே வேலை நிரந்தரமா என்றுதான். ஆகிவிடும் என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி, எங்களைவிட வயதானவர்கள். போளூர் பக்கம் திருமலையில் தரிசனம் முடித்து, பஸ் லேட்டாகி, பொழுது இறங்க இறங்க வந்து சேர்ந்தார்கள். மார்கழிப் பொழுது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். இருந்த பொங்கலைச் சூடுபண்ணி, மிளகு ரசத்தை ஊற்றி, அவசர அவசரமாகப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் போனை என் கையில் கொடுத்து, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பிள்ளை போட்டுக்கொடுத்தான், நட்சத்திரம் போடவேண்டுமாமே, நீயே போட்டுக்கொள் தங்கச்சி என்பதுபோல் ஏதோ சொன்னார். திறந்திருந்தது நீ எழுதின பக்கம்.

கையில் போன் இருக்கிறது. மேலே நம் மெஸ் பெயரைத் தட்டினால் போதும், நம் பக்கம் வந்துவிடும். எத்தனை ஆயிரம் தடவை தட்டின பெயர், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். அவர்கள் சாப்பிட்டது என் சாப்பாடு, எனக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டால் அதில் பொய் இல்லை, திருட்டு இல்லை. விரல் போகவில்லையடா. இந்த க்ளையன்ட் நன்றாக வந்தால்தான் கன்ஃபர்மேஷன் என்று நீ சொன்னதுதான் காதில் நின்றது. பின்னால் உங்கப்பா கல்லாவில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலேயே ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினேன். எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. "பொழுதோடு சாப்பாடு போட்டார்கள்" என்று தமிழில் எழுதி அனுப்பினேன். "இன்னா எழுதின?" என்று கேட்டார் உங்கப்பா. நல்லா இருக்குதுன்னு எழுதினேன் என்றேன்.

ஹால் திறக்கிற வரைக்கும் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள், இப்படிப் போனை நீட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி நின்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அவர்கள் பக்கத்தை அழுத்தினால் உங்கப்பாவின் மெஸ் போய்விடும், நம் பக்கத்தை அழுத்தினால் உன் வேலை என்னாகுமோ தெரியாது. நான் எதை அழுத்தட்டும்? நீயே சொல்லு கண்ணு. நீ எதைச் சொல்கிறாயோ அதையே செய்கிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். எழுதி அனுப்பு, போனில் சொல்லாதே. நீ கூப்பிட்டால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்.

அம்மா